கொடிவழியைக் கணினியில் ஏற்றும் முன்

குடும்ப வரலாற்றைத் தேட உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த ஆப் நல்லது என்பதைத்தான். மரப்படம் அழகாக வருகிறதா, செல்பேசியில் ஓடுகிறதா என்று பார்த்து ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு. உள்ளே ஏற்றியதை எல்லாம் அந்த மென்பொருள் சேதமில்லாமல் வெளியே எடுக்க விடுகிறதா? பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதியது, சந்தா முடிந்த அன்று கைக்கு எட்டாமல் போய்விடக் கூடாது. பல ஆண்டுகள் முன்னணியில் இருந்த ஃபேமிலி ட்ரீ மேக்கர் மென்பொருளின் விற்பனையை நிறுத்தப்போவதாக, ஆன்செஸ்ட்ரி நிறுவனம் 2015 டிசம்பரில் அறிவித்தது. மறு ஆண்டு இன்னொரு நிறுவனம் வாங்கியதால் அது பிழைத்தது. எல்லா மென்பொருளுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

விவரங்களை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்கென்றே ஒரு பொதுக் கோப்பு முறை இருக்கிறது. அதன் பெயர் ஜெட்காம். மார்மன் சபை என்று பரவலாக அறியப்படும் அமெரிக்கக் கிறிஸ்தவ சபை 1984இல் உருவாக்கியது. வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். ஒவ்வொரு வரியும் ஓர் எண்ணோடு தொடங்கும். 0 என்றால் புதிதாக ஓர் ஆளோ குடும்பமோ வருகிறது. 1 என்றால் அவரைப் பற்றிய செய்தி: பெயர், பிறப்பு, இறப்பு. 2 என்றால் அந்தச் செய்தியின் விவரம்: எந்த நாள், எந்த ஊர். ஆளுக்கு ஓர் அடையாளம், குடும்பத்துக்கு ஓர் அடையாளம். ஒரே ஆள் ஒரு குடும்பத்தில் பிள்ளை, இன்னொரு குடும்பத்தில் கணவர் அல்லது மனைவி. இணைப்பு அவ்வளவுதான்.

இந்த எளிய ஏற்பாடு நம் வீடுகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. அக்காள் மகளைக் கட்டியவர், அத்தை மகனைக் கட்டியவர் இல்லாத குடும்பம் குறைவு. அங்கே கிளைகள் பிரிந்துகொண்டே போவதில்லை, திரும்ப வந்து சேர்ந்துகொள்கின்றன. தாத்தாவே ஒரு வழியில் கொள்ளுத்தாத்தாவாகவும் இருப்பார். மரப்படத்தில் அவர் இரண்டு இடத்தில் தெரிவார், அதில் தவறில்லை. ஆனால் பதியும்போது இரண்டு முறை பதியக் கூடாது. ஏற்கெனவே பிள்ளையாக இருக்கும் பெண்ணையே மனைவியாக இணைக்க வேண்டும். அப்படி இணைக்க வழி தராத மென்பொருளை அப்போதே விட்டுவிடலாம்.

அடுத்த சிக்கல் பெயர். பெரும்பாலான மென்பொருள்கள் மேல்நாட்டு வழக்கப்படி ஒரு குடும்பப் பெயரை எதிர்பார்க்கின்றன. நமக்கு முன்னால் நிற்பது அப்பா பெயரின் தலைப்பெழுத்து. அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால், தலைமுறைக்கு ஒரு குடும்பப் பெயர் உண்டாகும். தேடலும் ஒப்பிடலும் குழம்பும். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதே நல்லது. கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் இன்னொரு வழி உண்டு. ஒரு பெயர் பரம்பரையாக வந்ததா, தந்தை பெயரா என்று தனியே குறிக்கலாம். 2001 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் இது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விவரம் நம் கணினியிலேயே இருக்கும். தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

தேதியும் நம்மிடம் நேராக வராது. "தாது வருஷம் பிறந்தவர்" என்பார் பாட்டி. தாது 1876 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டு, பெரும் பஞ்சம் வந்த ஆண்டு. ஆனால் 60 ஆண்டுச் சுழற்சியில் 1936இலும் தாது வந்தது. எது என்று அவருடைய பிள்ளைகளின் வயதை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும். ஜெட்காமில் சுமார், முன், பின், இடையில் என்று தேதியைக் குறிக்க இடமுண்டு. முந்தைய தாது என்று தெரிந்தால், 1876க்கும் 1877க்கும் இடையில் என்று பதிந்துவிட்டு, பாட்டி சொன்ன வாக்கியத்தைக் குறிப்பில் அப்படியே எழுதிவையுங்கள். சும்மா ஒரு ஜனவரி 1ஐப் போட்டு நிரப்பாதீர்கள்.

நூற்றுக்கணக்கான பெயர்களை ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். நாலைந்து பேரைத் தமிழில் பதியுங்கள். அதில் ஒரு சொந்தத்துக்குள் கல்யாணமும், ஐயமான ஓர் ஆண்டும், ஒரு புகைப்படமும் இருக்கட்டும். ஜெட்காமாக வெளியே எடுத்து வேறு மென்பொருளில் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்து கேள்விக்குறிகளாக மாறியிருந்தால் கோப்பு பழைய எழுத்துக் குறியீட்டில் வந்திருக்கிறது. 2021இல் வந்த ஜெட்காம் 7.0 பதிப்பு யூனிகோடை மட்டுமே ஏற்கிறது, படங்களையும் சேர்த்துக் கட்டித் தருகிறது. பழைய பதிப்புகளில் படத்தின் இருப்பிடம் மட்டும் போகும், படம் போகாது.

இனி இணையத்தில் என்ன கிடைக்கும்? அதே மார்மன் சபை நடத்தும் ஃபேமிலிசெர்ச் தளம் இலவசம். 1938 முதல் உலகெங்கும் எடுத்த சுமார் 24 லட்சம் நுண்படச் சுருள்களை மின்வடிவாக்கும் வேலை 2021இல் முடிந்தது. இறந்த முன்னோருக்காகச் செய்யும் சமயச் சடங்கே அந்தச் சபைக்கு இதில் ஈடுபாடு வந்ததற்குக் காரணம். அதை அறிந்தே பயன்படுத்துங்கள். அங்கே உள்ள மரம் உலகம் முழுமைக்கும் பொதுவான ஒரே மரம். நீங்கள் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். அதனால் மூலப்படி உங்கள் கணினியில்தான் இருக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியைப் பொதுத் தளம் எதிலும் ஏற்றாதீர்கள்.

கடல் கடந்து போனவர்களின் வழிவந்தோருக்கு ஆதாரம் கூடுதலாகவே இருக்கிறது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஓர் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். மொரீசியஸ் போனவர்களின் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பலருடைய புகைப்படமும் உண்டு.

இந்தப் பட்டியல்களில் பெயரைத் தேடுவதுதான் கடினம். காதில் விழுந்ததைக் குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதினார். எழுத்து மாறினாலும் ஒலி ஒத்த பெயர்களைக் கண்டுபிடிக்க, 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறையைப் பல தளங்கள் கையாள்கின்றன. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மற்ற மெய்களுக்கு எண் கொடுக்கும் முறை அது. முனுசாமியை மூன்சாமி என்று எழுதினாலும் இரண்டுக்கும் எம் 525 என்றே வரும், ஆகவே அகப்படுவார். குப்புசாமி அகப்படமாட்டார். கே எழுத்தில் தொடங்கினால் கே 125, சி எழுத்தில் தொடங்கினால் சி 125. முதல் எழுத்து மாறியதும் கணக்கு வேறாகிவிடுகிறது. கே, சி, ஜி மூன்றிலும், அதேபோல் ஆங்கிலத்தின் P, B இரண்டிலும், தனித்தனியே தேடிப் பார்க்க வேண்டும். தளம் இடம் கொடுத்தால் ஐயமுள்ள எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டும் தேடலாம்.

ஆள் கிடைத்ததும் ஊரைப் பார்ப்போம். பட்டியலில் வட ஆற்காடு ஜில்லா என்றிருக்கும்; அது இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எனப் பல மாவட்டங்களாகக் கிடக்கிறது. பட்டியலில் உள்ள கிராமத்தின் பெயரிலேயே பல ஊர்கள் இருக்கும். தாணாவை முதலில் அடையாளம் கண்டுகொண்டால் தேட வேண்டிய ஊர்களின் எண்ணிக்கை குறையும். அங்கே குடும்பத்துக்கு நிலம் இருந்திருந்தால் பழைய மூலப்பத்திரங்களில் தகப்பன் பெயர், பாட்டன் பெயர் அகப்படலாம். மென்பொருளில் ஊரைப் பதியும்போது குமாஸ்தா எழுதிய எழுத்துக்கூட்டலை மாற்றாமல் எழுதுங்கள். இன்றைய பெயரைக் குறிப்பில் சேர்த்து, எந்தக் கப்பல், எத்தனையாவது எண் என்பதையும் அதனடியில் எழுதிவையுங்கள். ஊர் தவறு என்று பின்னால் தெரிந்தால், திரும்பப் போய்ப் பார்க்க அந்த எண்தான் வழி.