மருந்து மாறும் காலம்

மனச்சிதைவு நோய்க்கு ஒரு மருந்தை மாற்றி மற்றொன்றைத் தரும்போது, தொல்லையெல்லாம் நீங்கிவிடும் என்று வீட்டார் எண்ணுவர். பெரும்பாலும் தொல்லையின் தன்மைதான் மாறுகிறது.

1952-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் மனநோய்க்கு வழங்கப்பெற்ற குளோர்புரோமசின், உறக்க மயக்கத்தையும், எழுந்து நிற்கையில் தலைச்சுற்றலையும் தரும். 1958-இல் பெல்ஜிய நாட்டில் உருவான ஹாலோபெரிடால் அத்துணை உறக்கம் தராது. ஆயின் கைநடுக்கம், உடல் விறைப்பு, ஓரிடத்தில் இருக்கவொட்டாத தவிப்பு ஆகியவற்றை மிகுதியாகத் தரும். பின்வந்த ஒலான்சபினில் நடுக்கம் குறைவு. எடையும் இரத்தச் சர்க்கரையும் ஏறக்கூடும். பிற மருந்துகளுக்கு இணங்காத நோய்க்குத் தரப்படும் குளோசபின், வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடும். ஆதலின் இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது.

பழைய மருந்தைக் குறைப்பதனாலேயே உறக்கமின்மையும் குமட்டலும் தோன்றலாம். அவற்றைப் புதிய மருந்தின் குற்றம் என்று முடிவு செய்தல் பொருந்தாது. மருந்து தரும் தவிப்பை நோயின் முற்றல் என்று மயங்குவதும் உண்டு. நோயாளியையே பரிவுடன் கேளுங்கள்.

திண்டிவனத்திலிருந்து முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்பவர், "உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று மட்டும் சொன்னால் மருத்துவர் என் செய்வார்? மருந்து மாறுமுன்பே தொடங்கி, பள்ளி வருகைப் பதிவேடு போல ஒரு குறிப்பேடு வையுங்கள். உறக்கம், நடுக்கம், பசி ஆகியவற்றை நாள்தோறும், எடையை வாரந்தோறும் குறியுங்கள்.

கடுங்காய்ச்சலும் விறைப்பும் அறிவுத் தடுமாற்றமும் சேர்ந்து வந்தால், உடனே மருத்துவமனை செல்க. மற்றபடி, தாமாக மருந்தை நிறுத்தாதீர்கள். அடங்கிய நோய் மீண்டும் எழும்.