பிச்சைக்கு உதவாத கைகள்

ஆவடி, அம்பத்தூர் ஸ்டேஷன்களில் நிற்காமல் தடதடவென்று பறக்கும் எக்ஸ்பிரஸ் ரயில்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, காட்பாடியில் நிற்கும். கையில் எக்ஸ்ரே கவரும் மருந்துப் பையுமாக ஒரு கூட்டம் அங்கே இறங்கும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகிறவர்கள்தான். அந்த மருத்துவமனையில் ஒரு காலத்தில் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்டைத் தெரியுமா?

பெயரைப் பார்த்து வெளிநாட்டுக்காரர் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவர் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914-ல்! அப்பா ஜெஸ்ஸியும் அம்மா ஈவ்லினும் இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ ஊழியர்கள். மலைமக்களுக்கு மருந்து கொடுத்து, பள்ளிக்கூடமும் நடத்தி வந்தார்கள். பாலுக்கு ஒன்பது வயதானபோது படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-ல் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். அம்மா மலைகளை விட்டுப் போகவில்லை. தொண்ணூறு வயதைத் தாண்டியும் குதிரையில் ஏறி மலைக் கிராமங்களைச் சுற்றிய பாட்டி அவர். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்!

பால் உடனே டாக்டருக்குப் படிக்கவில்லை. முதலில் கட்டட வேலை கற்றார். கொத்து வேலை, தச்சு வேலை எல்லாம் அதில் அடக்கம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1946-ல் அறுவை சிகிச்சை டாக்டராக வேலூர் வந்தார். கொஞ்ச காலத்தில் செங்கல்பட்டு அருகே திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அதன் தலைவர் டாக்டர் காக்ரேன் சுற்றிக் காட்டினார். எங்கு பார்த்தாலும் நகம்போல் வளைந்து சுருண்ட விரல்கள். கை, கால் எலும்பு முறிவுக்கு எத்தனையோ டாக்டர்கள் இருக்க, இந்தக் கைகளைக் கவனிக்க ஏன் ஒருவரும் இல்லை என்று பிராண்ட் யோசித்தார். ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து, நன்றாக அழுத்தச் சொன்னார்.

அந்த மனிதர் அழுத்தினாரே ஒரு அழுத்து! டாக்டருக்கு வலி தாங்கவில்லை. வலியோடு சந்தோஷமும் வந்தது. கை செத்துப்போகவில்லை, உள்ளே பலம் இருக்கிறது!

நீங்களே பாருங்கள். இடது கையால் வலது முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களை மடக்கி நீட்டுங்கள். தோலுக்கடியில் ஏதோ அசைகிறதா? விரலை மடக்கும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அங்கிருந்து விரல்வரை கயிறுபோல ஓடுவது தசைநாண். தொழுநோயில் நரம்புகள் கெடுவதால் உள்ளங்கையில் இருக்கும் சின்னத் தசைகள் செயலிழக்கும். விரல்கள் சுருண்டுகொள்ளும். ஆனால் மேலே இருக்கும் பல தசைகள் நன்றாகவே இருக்கும். அப்படி நன்றாக இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து வேறு இடத்தில் பொருத்தினார் பிராண்ட். சுருண்ட விரல்கள் நிமிர்ந்தன.

கிறிஸ்தவர்கள் வாழ்க்கையில் இருக்கவேண்டிய குணங்களில் ஒன்றாக 'நற்குணம்' என்பதைச் சொல்வார்கள். மத்தேயு நற்செய்தி நூலின் 8-ம் அதிகாரத்தில் இயேசு ஒரு தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்குகிறார். அதே அதிகாரத்தில் இன்னொரு நோயாளியைத் தூரத்திலிருந்து ஒரு வார்த்தையாலேயே குணமாக்குகிறார். அப்படியானால் இவரை ஏன் தொடவேண்டும்? வேறு யாரும் தொடமாட்டார்கள் என்பதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிராண்ட் ஒருமுறை ஒரு நோயாளியின் தோளில் கை வைத்து, என்ன சிகிச்சை என்று விளக்கிக் கொண்டிருந்தார். அவர் தேம்பித் தேம்பி அழத் தொடங்கினார். தப்பாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று டாக்டர் பதறிப்போனார். பல வருஷமாகத் தன்னை யாருமே தொட்டதில்லை, அதனால்தான் அழுகிறாராம்!

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கை சரியாகி ஊருக்குப் போனவர்களில் சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். சுருண்ட கையை நீட்டினால் காசு விழுந்தது. நல்ல கையைப் பார்த்தால் யாரும் பிச்சை போடவில்லை. தழும்பைப் பார்த்தவர்கள் வேலையும் கொடுக்கவில்லை, தங்க இடமும் கொடுக்கவில்லை. டாக்டர் செய்தது உதவியா, உபத்திரவமா?

இங்கேதான் அந்தத் தச்சு வேலை வருகிறது! வேலூரில் மண் குடிசைகள் போட்டு 'நவஜீவ நிலையம்' தொடங்கினார்கள். பிராண்டே கூட நின்று தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். பிச்சை எடுத்த கைகள் மரப் பொம்மைகள் செய்தன.

அங்கும் ஒரு சிக்கல். ஒரு நாள் பிராண்டால் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு பொடியன் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் விரலிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. சாவி எலும்புவரை அறுத்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை! விரல்கள் தேய்வது நோய் அழுகச் செய்வதால் அல்ல, வலி தெரியாமல் படும் காயங்களால்தான் என்று பிராண்டுக்குப் புரிந்தது.

ஆனாலும் சிலருக்கு ராத்திரி படுத்து எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. எப்படி? ஒரு ராத்திரி விழித்திருந்து பார்த்தபோது தெரிந்தது. எலி! தூங்குகிறவரின் விரலை அது கடித்துத் தின்றது. அவருக்கு வலிக்காததால் விழிப்பே வரவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள். சிரிப்பு வருகிறதா? எனக்கு இதில்தான் அந்த டாக்டர்மேல் மரியாதை அதிகமாகிறது.

பிராண்ட் 1966-ல் அமெரிக்கா போய் அங்கும் தொழுநோயாளிகளுக்கே வேலை செய்தார். 2003-ல் காலமானார். வேலூர் அருகே கரிகிரியில் அவர் பாடுபட்ட மருத்துவமனை இன்றும் நடக்கிறது.

இப்போது இந்த நோய்க்கு நல்ல கூட்டு மருந்து இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். உடம்பில் வெளிறிய தேமல் இருந்து, அங்கே தொட்டால் உணர்வே இல்லை என்றால் மறைக்காமல் வீட்டில் சொல்லுங்கள்.

அப்படியானால் அவர்களைத் தொட்டால் நமக்கும் வருமா என்று கேட்பீர்கள். நம்மில் பெரும்பாலோர் உடம்பில் இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. மருந்து தொடங்கிவிட்டால் பரவுவதும் சீக்கிரமே நின்றுவிடும். கை குலுக்குவதால் வராது.