மூத்திரப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சையும் மூட்டுவலியும்

கோலார் தங்கவயலில் உள்ள சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் மனிதர் உழைத்து வந்தனர். 2001-ஆம் ஆண்டில் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அங்கு உழைத்து முதுமை எய்திய ஒருவர் முழங்கால் வலியைப் பற்றிக் கூறினால், வயதும் பழைய உழைப்புமே காரணம் எனக் கொள்வது இயல்பு. ஆனால் அவர் மூத்திரப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வருபவராயின், வேறொரு காரணத்தையும் எண்ணிப் பார்த்தல் அவசியமாகும்.

அக்காரணம் பி.ஸி.ஜி. மருந்தாக இருக்கலாம். காசநோயைத் தடுக்கும் பொருட்டுக் குழந்தைகளுக்குக் கையில் குத்தப்படுவதும் இதுவே. கால்மெட், குவேரின் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகள், மாடுகளுக்குக் காசநோய் உண்டாக்கும் கிருமியை 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்தனர். 1921-இல் அது முதன்முதலாக மனிதருக்கு அளிக்கப்பட்டது. இந்தியாவில் இதற்கான தயாரிப்புக்கூடம் 1948-இல் சென்னை கிண்டியில் நிறுவப்பட்டது. மூத்திரப்பைப் புற்றுநோய்க்கும் இது பயன்படும் என்பதை 1976-இல் கானடாவில் டாக்டர் மொராலிஸும் அவருடைய சகாக்களும் எடுத்துக்காட்டினர்.

சிகிச்சை முறை

புற்று தசைவரை ஊடுருவாத நிலையில் கட்டி முதலில் அகற்றப்படுகிறது. அது மீண்டும் தோன்றாதிருக்கும் பொருட்டு, உயிருள்ள பி.ஸி.ஜி. கிருமிகள் கலந்த திரவம் மெல்லிய குழாய் மூலம் மூத்திரப்பையினுள் செலுத்தப்படுகிறது. வாரம் ஒரு முறையாக 6 வாரங்கள் இது நடைபெறும். இக்கிருமிகளை எதிர்க்கக் கிளர்ந்தெழும் உடலின் காப்புச் சக்தி, புற்றணுக்களையும் தாக்கி அழிக்கிறது.

மூட்டுகளில் விளைவு

இக்கிளர்ச்சி மிகச் சிலருக்கு மூட்டுகளிலும் தோன்றுகிறது. நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கோ, அதனினும் குறைவாகவோ மூட்டுகள் வீங்குகின்றன. முழங்காலும் கணுக்காலுமே பெரும்பாலும் பாதிக்கப்படும். கண்கள் சிவத்தலும் உண்டு. வீங்கிய மூட்டின் நீரைச் சோதித்தால் வழக்கமாகக் கிருமிகள் காணப்படுவதில்லை. எனவே இது மூட்டைப் பற்றிய காசநோய் அன்று. உடலின் காப்புச் சக்தியே விளைவிக்கும் அழற்சியாகும். மருந்து செலுத்துவதை நிறுத்தி, அழற்சியைத் தணிக்கும் மருந்துகளை அளித்தால், பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ குணமடைகின்றனர்.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை

வலியை மறைத்துச் சிகிச்சையைத் தொடர்வதும், வலிக்கு அஞ்சித் தாமாகவே சிகிச்சையைக் கைவிடுவதும் ஒருங்கே தீமை பயப்பவை. முன்னதால் அழற்சி முற்றும். பின்னதால் புற்று திரும்பக்கூடும். நிறுத்துவதா, தொடர்வதா என்பதை டாக்டரே முடிவு செய்தல் வேண்டும். ஆகவே மூட்டுவலி கொண்டவரிடம், மூத்திரப்பையில் மருந்து செலுத்தப்பட்டதா, எப்பொழுது என்று வினவுதல் நலம். குளிருடன் காய்ச்சல் நீடித்தால் கிருமிகள் இரத்தத்தில் பரவியிருக்கக்கூடும். தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல் வேண்டும்.

கல்தூசியால் பழுதுற்ற நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும். காசநோய் உள்ளவருக்கு இச்சிகிச்சை அளிக்கப்படுவதில்லை. எனவே சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் அதனைத் தொடக்கத்திலேயே டாக்டரிடம் தெரிவித்தல் இன்றியமையாதது.