சினிமா கல்லூரி நுழைவுத் தேர்வு: கதையை எழுதினால் மார்க் கிடைக்குமா?

நூறு படம் பார்த்தாச்சு, டயலாக் எல்லாம் மனப்பாடம். பூனா, கொல்கத்தா திரைப்படக் கல்லூரித் தேர்வுக்கு இது போதுமா? போதாது. காட்சியை அலசச் சொன்னால் பலரும் கதையை எழுதிவிடுகிறார்கள். என்ன நடந்தது என்பதல்ல, அதை எப்படிக் காட்டினார்கள் என்பதுதான் கேள்வி.

ஒரு உதாரணம்

சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' (1955). ஊர் திரும்பும் அப்பா, மகள் துர்காவுக்கு வாங்கிய புடவையைக் காட்டுகிறார். அவள் இறந்தது அவருக்குத் தெரியாது. அம்மா உடைந்து அழுகிறார். ஆனால் அழுகைச் சத்தம் நமக்குக் கேட்காது. தார் ஷெனாய் என்ற தந்தி வாத்தியம்தான் கதறும்.

'மகள் இறந்ததால் தாய் அழுதாள்' என்றால் கதைச் சுருக்கம். 'தாயின் குரலை எடுத்துவிட்டு இசையை வைத்ததால், சொல்லில் அடங்காத துக்கம் தெரிகிறது' என்றால் அலசல்.

எப்படித் தயாராவது?

* 3 நிமிடக் காட்சி ஒன்றைச் சத்தமில்லாமல் பாருங்க. கேமரா எங்கே இருக்கு? ஷாட் எப்போ மாறுது?
* அடுத்து, திரையைப் பார்க்காமல் கேளுங்க. எது கேட்குது, எது கேட்கலை?
* கடைசியாக ஒரு பக்கம் எழுதுங்க. ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்?' என்று கேளுங்க.

பெரும்பாலான பிரிவுகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இந்தப் பயிற்சிக்குக் கோச்சிங் கட்டணம் வேண்டாம், கையில் இருக்கும் போனே போதும்.