அந்தர் விலை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுவரும் விவசாயிகளுக்காக நான்கு இளைஞர்கள் ஒரு கைபேசிச் செயலி செய்யப் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விலைப்பட்டியல், லொறிப் பதிவு, மழைச் செய்தி எல்லாவற்றையும் எழுதி முடிக்க ஒரு வருடம் போகிறது. கொண்டுபோய்க் காட்டினால் முதல் விவசாயியே கேட்கிறார்: "தம்பியவை, கிலோ விலையை வைச்சு நான் என்ன செய்யிறது? அந்தர் விலையைக் காட்டுங்கோ." அந்தர் என்பது மொத்த விற்பனைக்கு அங்கே வழங்கும் நிறை அளவு.

அந்தக் கேள்வியை இரண்டாம் வாரத்திலேயே கேட்டுவிட வழிசெய்யும் வேலைமுறைதான் அஜைல்.

2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலைவிடுதி ஒன்றில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடினார்கள். அவர்கள் வெளியிட்ட சிறு அஜைல் பிரகடனம் தடித்த ஆவணங்களைவிட ஓடுகிற மென்பொருளையும், போட்ட திட்டத்தைவிட மாற்றத்துக்கு இசைவதையும் மேலாக வைத்தது. அந்த வழியில் பரவலாகக் கைக்கொள்ளப்படுவது ஸ்க்ரம். ரக்பி ஆட்டத்தில் வீரர்கள் தோளோடு தோள் கோத்து முட்டும் நிலையின் பெயர் அது. இதில் வேலை 'ஸ்பிரிண்ட்' எனப்படும் சிறு தவணைகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு தவணை ஒரு மாதத்தைத் தாண்டாது. பலர் இரண்டு வாரம் வைக்கிறார்கள். நாள்தோறும் 15 நிமிடத்துக்குள் அணி கூடிப் பேசும். தவணை முடிவில் செய்ததைப் பயனாளருக்குக் காட்டும். பிறகு தங்கள் வேலைமுறையில் எது சறுக்கியது என்று தமக்குள் ஆராயும்.

சுவரில் ஒரு பலகை: செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, முடிந்தவை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டுச்சீட்டு. ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகளில் உருவான கன்பன் முறையிலிருந்து வந்த வழக்கம் இது. நடு நிரலில் இத்தனை சீட்டுக்குமேல் ஒட்டக்கூடாது என்று அணியே எல்லை வைத்துக்கொள்ளும். ஒரு சீட்டு மூன்று நாளாக நகராமல் கிடந்தால் எல்லோர் கண்ணிலும் படும். கை ஓய்ந்தவர் புதுச் சீட்டை எடுக்காமல் அதற்குத் தோள் கொடுப்பார். பத்து வேலைகளைத் தொட்டு வைப்பதிலும் இரண்டை முடிப்பது பயன். அணியின் உற்பத்தித்திறன் உயர்வது இந்த இடத்தில்தான்.

இப்படிச் சிறு துண்டுகளாகக் கட்டுவதன் வலுவை இலங்கை நேரில் கண்டிருக்கிறது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை வடமராட்சிக் கரை உட்படத் தீவின் கரையோரங்களைச் சிதைத்தது. அடுத்த சில வாரங்களில் இலங்கைக் கணினித் துறையினர் தொண்டர்களாகத் திரண்டு 'சஹானா' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பகுதி இருந்தது. முழுத் திட்டம் எழுதி முடியும்வரை காத்திருக்க அன்று எவருக்கும் நேரம் இருக்கவில்லை. கட்டற்ற மென்பொருளாக வெளிவந்த சஹானா, 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பயன்பட்டது.

யாழ்ப்பாணத்தில் 2012இல் யாழ் ஐ.டி. ஹப் என்ற அமைப்பு தொடங்கிய 'யாழ் கீக் சலஞ்ச்' போட்டியில் இளைஞர் அணிகள் தங்கள் எண்ணங்களுக்கு உருக்கொடுத்து நடுவர்கள்முன் வைக்கின்றன. அப்படியொரு அணிக்கு இரண்டு வாரத் தவணை நல்ல துணை. முதல் தவணையில் வெங்காய விலை மட்டும் போதும். அதைச் சந்தையில் ஒருவர் கையில் கொடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினால், மறுநாட் காலை பலகையின் முதல் நிரலில் 'அந்தர் விலை' என்று ஒரு புதுச் சீட்டு ஏறியிருக்கும்.