சிறிய தொங்குகாது முயல்கள்: இனம் காண்பதும் இனம் பெருக்குவதும்

முயல் வளர்ப்பு என்றதும் இறைச்சிக்கும் உரோமத்திற்குமாக வளர்க்கப்படும் பெரிய இனங்களே நம் நினைவுக்கு வருகின்றன. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சில்லா ஆகிய இனங்களைப் பேணி வந்துள்ளது. ஆயின் பெங்களூரு போன்ற மாநகரங்களில் வேறொரு வகையையும் மக்கள் விரும்பி வாங்குகின்றனர். மடியில் அடங்கும் அளவுடையனவாய், கன்னத்தை ஒட்டிக் காதுகள் தொங்கும் செல்ல முயல்களே அவை. இவற்றை வளர்த்து விற்பதைச் சிறு தொழிலாக மேற்கொள்வோர் இனத்தையும் அதன் மரபையும் அறிந்திராவிடின், பொருள் இழப்போடு வீணான உயிரிழப்பும் நேரும்.

பெயரால் வரும் மயக்கம்

இவ்வகையில் முதன்மையானது ஹாலந்து லாப். நெதர்லாந்தைச் சேர்ந்த அட்ரியான் டி காக் என்பவர், பெரிய பிரெஞ்சு லாப் முயலையும் சிறிய நெதர்லாந்துக் குள்ள முயலையும் கலந்து 1949ஆம் ஆண்டு முதல் முயன்று இதனை உருவாக்கினார். 1964இல் அந்நாட்டில் இது தனி இனமாக ஏற்கப்பட்டது. அமெரிக்கத் தர அளவின்படி இதன் உச்ச எடை 1.8 கிலோகிராம். 1988இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட ஃபஸ்ஸி லாப் இதே எடையுடையது. நீண்ட கம்பளி போன்ற உரோமமே அதனை வேறுபடுத்துவது. ஜெர்மானிய வழிவந்த மினி லாப் சுமார் 2 முதல் 2.9 கிலோகிராம் வரை வளரும்.

பிரிட்டனிலோ 'மினி லாப்' என்ற பெயர் சுமார் 1.6 கிலோகிராமுக்கு மேற்படாத குள்ள இனத்தைக் குறிக்கிறது. ஆகவே பெயரை மட்டும் கொண்டு இனத்தை முடிவு செய்தல் ஆகாது. முழு வளர்ச்சியடைந்த தாய் தந்தையரின் எடையே நம்பத்தக்க சான்றாகும். பிறந்த குட்டியின் காது உடனே தொங்குவதில்லை. அது தாழ்வதற்குச் சில வாரங்கள் செல்லும் என்பதால், இளங்குட்டியின் காதைக் கண்டு தீர்ப்புக் கூறுவதும் தவறு.

குள்ளத்தின் கணக்கு

ஹாலந்து லாப், ஃபஸ்ஸி லாப் ஆகியவற்றின் சிற்றுருவிற்கு ஒரு மரபணுவே முதன்மைக் காரணம். ஹெச்எம்ஜிஏ2 என்னும் அம்மரபணுவில் ஒரு பகுதி இழக்கப்பட்டிருப்பதே குள்ளத்தன்மையை விளைவிக்கிறது என்பதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. இக்குறையைப் பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குட்டி அழகிய குள்ள முயலாக வளரும். இருவரிடமிருந்தும் பெற்ற குட்டியோ மிகச் சிறியதாய்ப் பிறந்து, சில நாட்களிலேயே இறந்துவிடும்.

குள்ளத்தோடு குள்ளத்தை இணைத்தால் குள்ளக் குட்டிகள் மிகுதியாகும் என்பது பலரது எண்ணம். கணக்கிட்டுப் பார்ப்போம். பல ஈற்றுகளில் மொத்தம் 40 குட்டிகள் பிறப்பதாகக் கொண்டால், இரு குள்ளங்களின் இணைவில் சராசரியாக 20 குள்ளங்கள், 10 இயல்பான குட்டிகள், இறந்துபோகும் குட்டிகள் 10 எனக் கிடைக்கும். அதே இனத்தில் குள்ள மரபணுவற்ற, சற்றுப் பெரிய பெண் முயலைக் குள்ள ஆணுடன் இணைத்தால் 20 குள்ளங்களும் 20 இயல்பான குட்டிகளும் பிறக்கும். இக்குறையினால் இறப்பது ஒன்றுமில்லை. குள்ளங்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது. முதல் முறையில் வளர்ப்பவர் பெறும் ஆதாயம் ஏதுமில்லை. கால் பங்கு குட்டிகளை இழப்பதே மிச்சம். உருவம் பெரிதென்று ஒதுக்கப்படும் பெண் முயலே பண்ணையின் உண்மையான மூலதனம் என்பது இதனால் விளங்கும்.

உரோமமும் காதும்

நீண்ட உரோமம் ஒடுங்கிய பண்பு. அதனை மறைவாகத் தாங்கிய இரு குட்டை உரோம முயல்கள் இணைந்தால், நான்கில் ஒரு பங்கு குட்டிகள் நீண்ட உரோமத்துடன் பிறக்கக்கூடும். இது கலப்படத்தின் அடையாளமன்று. தொங்குகாது இவ்வாறு எளிய விகிதத்தில் அடங்குவதில்லை. பல மரபணுக்கள் கூடி அதனை விளைவிக்கின்றன. எனவே நிமிர்காது முயலுடன் கலந்தால் ஒரு காது மட்டும் தொங்குவதும், இரு காதுகளும் பக்கவாட்டில் நீண்டு நிற்பதும் உண்டு. ஒற்றைக் காது தொங்கும் முயல்களைப் பற்றி 1868இலேயே டார்வின் எழுதியுள்ளார்.

தொங்கும் காதின் துளை குறுகலாய் அமைந்து, அழுக்கும் நோயும் சேர ஏதுவாகிறது. ஆகவே காதுகளை முறையாகச் சோதித்து வருதல் வேண்டும்.

செய்யத்தக்கவை

2018ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்பு (செல்லப்பிராணிக் கடை) விதிகள் முயலையும் செல்லப்பிராணிகளுள் சேர்த்து, கடைகள் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு பெறுவதைக் கட்டாயமாக்கியுள்ளன. இதற்கு மேலாக, ஒவ்வொரு குட்டியின் தாய் தந்தையர் எடை, உரோம வகை, முந்தைய ஈற்றுகளில் இறந்த குட்டிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வளர்ப்பவர் ஓர் ஏட்டில் குறித்து வரலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலையே. சிறு தொழிலுக்குக் கடனளிக்கும் அலுவலர்களும் பயிற்சி அளிப்போரும் இவ்வேட்டைக் கேட்டுப் பார்ப்பார்களாயின், வாங்குவோர் ஏமாறார், வளர்ப்போர் நட்டமடையார், பிறந்து மடியும் குட்டிகளின் எண்ணிக்கையும் குறையும்.