மறுக்க முடியாத ஆலோசனை

பிரிட்டிஷ் மன்னரின் பிரிவி கவுன்சில் கூடும்போது யாரும் உட்காருவதில்லை. மன்னரும் நின்றுகொண்டுதான் இருப்பார். வருவது மூன்று, நான்கு அமைச்சர்கள். கவுன்சில் தலைவர் ஆணைகளின் தலைப்புகளை வாசிப்பார்; மன்னர் ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் சொல்வார். கணவர் ஆல்பர்ட் 1861இல் இறந்த பிறகு, கூட்டம் சுருக்கமாக முடியட்டும் என்று விக்டோரியா மகாராணி தொடங்கிவைத்த வழக்கம் இது என்பார்கள்.

உறுப்பினர்கள் என்னவோ 700க்கும் மேல். புதிய மன்னரைப் பிரகடனம் செய்யும் நாளில்தான் பெருங்கூட்டம் கூடும். 2022 செப்டம்பர் 10 அன்று சார்லஸுக்காகக் கூடியதைத்தான் உலகம் முதன்முறையாகத் தொலைக்காட்சியில் பார்த்தது.

முதலாம் எலிசபெத் காலத்தில் நாட்டை நடத்தியதே இந்த சபைதான். அதிகாரம் மெல்ல அமைச்சரவைக்கு நகர்ந்தது. சடங்கு மட்டும் இங்கே தங்கிவிட்டது. ஆனால் வெறும் சடங்கென்று ஒதுக்கிவிட முடியாது. 2019 ஆகஸ்ட் 28 அன்று பால்மோரல் மாளிகைக்கு மூன்று உறுப்பினர்கள் போய்வந்தார்கள். நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கும் ஆணை பிறந்தது. பிரதமர் சொன்ன ஆலோசனையை அப்போதைய ராணியால் மறுத்திருக்க முடியாது. அந்த ஆலோசனையே சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்ன பிறகுதான் ஆணை செல்லாமல் போனது.

நம் ஜமீன் குடும்பங்களில் 'பிரிவி கவுன்சில் வரை போனோம்' என்று பெருமையாகச் சொல்வார்களே, அது இதே சபையின் நீதிக்குழு. 1833இல் சட்டப்படி அமைந்தது. அதன் தீர்ப்புகளும் பெயரளவில் அரசருக்குச் சொல்லும் ஆலோசனைதான். அரசருக்கு இரண்டு விதமாக ஆலோசனை சொல்லக் கூடாதாம். அதனால் மாறுபட்ட நீதிபதியின் கருத்து 1966 வரை வெளியே வந்ததில்லை. ராமநாதபுரம் சமஸ்தானத்தின் சுவீகார வழக்கை 1868இல் தீர்த்துவைத்ததும் இந்தக் குழுதான்: கணவரின் அனுமதி இல்லாவிட்டாலும், அவருடைய பங்காளிகள் சம்மதித்தால் விதவை எடுத்த சுவீகாரம் செல்லும்.

இந்தியா 1949இல் இந்தப் படியை விட்டு இறங்கியது. இலங்கை இன்னும் சில காலம் ஏறிக்கொண்டிருந்தது. மலையகத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்த சட்டங்கள் செல்லும் என்று 1953இல், கோடாகன் பிள்ளை வழக்கில், லண்டன் சொல்லிவிட்டது. சிங்களத் தேர்வு எழுதாததால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட தமிழ் அரசு ஊழியர் கோடீஸ்வரனின் வழக்கு 1969இல் அங்கே போனது. அரசு ஊழியர் சம்பளத்துக்காக வழக்குத் தொடுக்கலாம் என்றார்கள். தனிச் சிங்களச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைக் கொழும்புக்கே திருப்பி அனுப்பினார்கள். 1971இல் இலங்கை லண்டன் மேல்முறையீட்டையே ஒழித்தது. கொழும்பில் அந்தக் கேள்விக்குத் தீர்ப்பு வரவேயில்லை.